எரியவிட்டு அளக்காத விளக்கு

லூர்துராஜ் எட்டு விளக்கையும் ஒன்றாகப் போடமாட்டார். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் பாண்டுரங்கன் நடத்திய பட்டறையில், பெயின்ட் அடித்த இரும்புச் சாமான்களை உலர்த்துகிற பெரிய விளக்குகள் அவை. காலையில் இரண்டு போடுவார். கொஞ்சம் நின்று, இன்னும் இரண்டு. பட்டறையின் கரண்ட் வேலை எல்லாம் அவர்தான், விளக்கு வாங்கி மாட்டுவதும். சேரப்பணஞ்சேரிக்காரர். என் வயதுதான். எட்டாவதோடு நின்றவர். 1991 முடிவதற்குள் அவரை நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

நான் அங்கே டிப்ளமா படித்த சூப்பர்வைசர். நவம்பரில் ஒரு மழை நாள், அவர் வரும் பஸ் தாமதம். அவசரத்தில் எட்டு சுவிட்சையும் ஒரே தட்டாகத் தட்டினேன். ஃபியூஸ் போயிற்று. வேறு கம்பி கட்டி மறுபடி அப்படியே போட்டேன். இந்த முறை ஃபியூஸ் கட்டையே வெடித்தது. அரை நாள் வேலை நின்றது. முதலாளி காரணம் கேட்டார்.

ஒரு விளக்கைக் கழற்றி மேசையில் வைத்து மீட்டரால் அளந்தேன். பதினேழு ஓம். இருநூற்று முப்பது வோல்ட்டைப் பதினேழால் வகுத்தால் பதின்மூன்றரை ஆம்பியர். வோல்ட்டால் பெருக்கினால் மூவாயிரம் வாட்டுக்கு மேல். விளக்கிலோ இருநூற்றைம்பது வாட் என்று அச்சிட்டிருந்தது. லூர்துராஜ் போலிச் சரக்கு வாங்கி மாட்டிவிட்டார் என்றேன்.

"கழட்டி வெச்சிக்கினு பாத்தா கணக்கு வராது சார். எரிய வுட்டு ஆம்பியர் பாருங்க" என்றார் லூர்துராஜ்.

"ஓம் விதி உனக்காக மாறுமாய்யா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

எட்டையும் நான் தட்டியதைச் சொல்லாமல், அவர் வாங்கிய போலி விளக்குதான் காரணம் என்று ஆங்கிலத்தில் அறிக்கை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். லைட்டைப் பற்றித்தான் என்றேன். சனிக்கிழமையோடு அவரை நிறுத்திவிட்டார்கள்.

சென்னையில் பெரிய கடையிலிருந்து புது விளக்குகள் வந்தன. அவையும் பதினேழு ஓம்தான் காட்டின. எல்லோரும் சாப்பிடப் போனபின் பழைய விளக்கை எரியவிட்டு, ஓடுகிற மின்சாரத்தை அளக்கும் டங் டெஸ்டரை ஒயரில் மாட்டிப் பார்த்தேன். ஒன்று புள்ளி ஒன்று ஆம்பியர். இருநூற்று முப்பதோடு பெருக்கினால் இருநூற்று ஐம்பத்து மூன்று வாட். இருநூற்று முப்பதை அதனால் வகுத்தால் இருநூற்றொன்பது ஓம். சூடேறினால் இழையின் தடை பத்துப் பன்னிரண்டு மடங்கு ஏறும். குளிர்ந்த விளக்கு, போட்ட கணத்தில் அத்தனை மடங்கு மின்சாரம் இழுக்கும். அதற்காகத்தான் அந்த இரண்டிரண்டு. கல்லூரியில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். யாரிடமும் சொல்லவில்லை.

டிசம்பரில் மஸ்கட் விசா வந்தது. கிளம்புமுன் சொல்லிவிட வேண்டும் என்று சேரப்பணஞ்சேரிக்குப் போனேன். கிறிஸ்துமஸ் நெருங்கியும் அவர் வாசலில் நட்சத்திர விளக்கு இல்லை. ஊருக்கே இவர்தான் கட்டித் தருவாராம். இந்த வருஷம் கரண்ட் வேலை எதையும் தொடுவதில்லை என்று அவர் மனைவி சவரியம்மாள் சொன்னார்.

"அந்த லைட்ட எரிய வுட்டு பாத்தீங்களா சார்?" என்று கேட்டார் லூர்துராஜ்.

"இல்லையே."

"பாத்தா சொல்லுங்க சார். எனுக்கே எம்மேல சந்தேகமா கீது."

சவரியம்மாள் தந்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மஸ்கட் வந்த முதல் வாரமே அந்த எண்களையெல்லாம் தமிழில் எழுதி அவருக்குத் தபாலில் போட்டேன். நீங்கள் சொன்னதுதான் சரி என்றும் எழுதினேன். பதில் இல்லை. அவருக்கு வேலையைத் திருப்பித் தரக்கூடிய கடிதம் வேறு. அதை ஆங்கிலத்தில், பாண்டுரங்கனுக்கு எழுத வேண்டும். எட்டையும் தட்டியவன் நான் என்று அதில் தொடங்க வேண்டும். இன்னும் எழுதவில்லை.