ஃபிலிம் தீர்ந்த கேமராவும் ஒரு கல்யாணப் பெண்ணும்

பழைய கேமரா பைத்தியங்களே, இந்தத் தபால் கார்டை உங்களுக்குள் சுற்றுக்கு விடுங்கள்.

இன்று சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள்ளேயே ஃபிலிமில் இருந்த பன்னிரண்டு படமும் தீர்ந்துவிட்டது. வெளியே வந்தால், மீன் விற்கும் அம்மா ஒருவர் மகளுக்குப் பூ வைத்துச் சுவரோரம் நிறுத்தியிருக்கிறார்.

"மாப்ள வூட்ல போட்டோ கேக்குறாங்க நைனா. ஒண்ணே ஒண்ணு புடி."

"ஃபிலிம் இல்லம்மா."

"அப்போ இன்னாத்துக்குப் பொட்டிய மாட்டிகினு கீற?"

அதற்குள் குப்பமே சூழ்ந்துகொண்டது. வழியில்லாமல் வெறும் கேமராவை அழுத்தினேன். அந்தப் பெண் அவ்வளவு அழகாகச் சிரித்தாள்.

"எங்க வந்து வாங்கிக்கிறது?"

என் செங்கல்பட்டு வீட்டு விலாசத்தைச் சொன்னேன்.

"வியாழக்கெழம வந்துர்றோம்."

கை பொய் சொன்னது சரி. வாய் ஏன் உண்மையான விலாசத்தைச் சொன்னது? தெரிந்தவர்கள் வியாழனுக்குள் பதில் போடுங்கள்.