ஹலோவும் எண்ணெய்க் குழாயும்

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி விசாரித்தால் ஊரில் யாருக்கும் தெரியாது. ஹலோ என்று கேட்டால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். எந்தத் தலைவரைவிடவும் அதிக மேடை ஏறியவர், எல்லோருக்கும் முன்னால் மைக்கைப் பிடித்தவர். பேசியது மட்டும் ஒரே வார்த்தை. "ஹலோ, ஹலோ" என்று சொல்லி, மைக்கை ஒரு தட்டு தட்டிவிட்டு இறங்கிவிடுவார். இத்தனை வருஷம் மைக்கோடு குடித்தனம் நடத்திய மனுஷனுக்குச் சொந்தமாகச் சொல்ல ஒன்றுமே இல்லையா என்று அவர் மனைவியே கேலி செய்வாள்.

அவருடைய பெருமை வேறு இடத்தில் இருந்தது. யாராவது பேச்சை இழுத்தடித்தால் கூட்டம் நடத்துகிறவர்கள் அவரைப் பார்ப்பார்கள். மற்ற மைக் செட்காரர்கள் என்றால் மைக்கைப் பட்டென்று அணைத்துவிடுவார்கள். பேசுகிறவர் கத்துவார், கூட்டம் ரகளையாகிவிடும். ஹலோ அப்படிச் செய்யமாட்டார். வால்யூம் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக, பூனை நடையில் இறக்குவார். பேசுகிறவர் தன் தொண்டைதான் கம்மிவிட்டது என்று நினைத்து, ஒரு செருமல் செருமி, தானாகவே முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நன்றி வேறு சொல்வார்.

இந்தக் கைத்திறமைதான் அவருடைய ஒரே அக்காவை அவரிடமிருந்து பிரித்தது. அம்மா போனபிறகு அவரைத் தூக்கி வளர்த்தவள் அவள். எண்ணெய்க் குழாய் போட வந்த கம்பெனி அவள் நிலத்துக்கு நடுவே கோடு கிழித்திருந்தது. அதற்காகக் கம்பெனி ஒரு கூட்டம் போட்டபோது ஹலோதான் மைக் செட். அக்கா எழுந்து, குழாயைப் புதைத்த பிறகு மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று கேட்க ஆரம்பித்தாள். அவளுக்கு எதையும் ஆதியிலிருந்து சொன்னால்தான் சொல்ல வரும். மேடையில் இருந்த அதிகாரி ஹலோவைப் பார்த்தார். ஹலோவின் கை பழக்கத்தில் குமிழுக்குப் போய்விட்டது. அது அடியில் போய் நின்ற பிறகுதான், இறக்கியது அக்காவின் குரல் என்று அவருக்கு உறைத்தது.

அக்கா செருமினாள், உட்கார்ந்தாள். அத்தனை பேர் முன்னால் தொண்டை அடைத்துப்போய்விட்டதே, கேட்க வேண்டியதைக் கேட்காமல் கோட்டை விட்டேனே என்று மாதக்கணக்கில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். ஹலோ வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் ஸ்பீக்கர் பெட்டிகள் அடுக்கிய அவர் வீட்டு முன்னறையில், ஒரு ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல் உட்கார்ந்து அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள். செட் கேட்டு வந்த ஒருவர், "எப்படிங்க சத்தமில்லாம ஆள உக்கார வைக்கிறீங்க?" என்று புகழ, ஹலோ அக்கா இருப்பதையே மறந்து, ஆளுக்கே தெரியாமல் இறக்குவது எப்படி என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "என்னையுமா?" என்றாள். ஹலோ தரையைப் பார்த்தார். அன்று படியிறங்கியவள் பிறகு அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

குழாயைப் புதைத்தார்கள். அக்கா பயந்தபடியே ஆயிற்று. பள்ளத்தை மூடியபோது கெட்டி மண்ணைப் போட்டு மேடாக்கிவிட்டார்கள். மழை பெய்தால் பாதி நிலத்தில் முழங்கால் தண்ணீர். கம்பெனியின் பம்ப் நிலையத்துக்கு அவள் நடையாய் நடந்தாள். கம்பெனி கைமாறி, பெயர்ப்பலகை அதற்குள் இரண்டு முறை மாறிவிட்டது. வாசல் காவலாளி மாறினான். பழைய முதலாளியைக் கேளுங்கள் என்றார்கள், அவர் எந்தத் திசையில் இருக்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. இதற்கிடையில் போராட்டம், வழக்கு, தடை என்று இழுபறியாகி, குழாயைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறோம் என்று கம்பெனி கையை உதறியது. அப்படியானால் நாங்களே வாங்கி முடிக்கிறோம் என்றது அரசாங்கம்.

ஊர் இரண்டாகப் பிளந்தது. விட்டு ஓடுகிறவனின் தலைவலியை நம் வரிப்பணத்தில் ஏன் வாங்க வேண்டும் என்றது ஒரு பக்கம். எண்ணெய் வேண்டாமென்றால் நாளையிலிருந்து நடந்தே போ என்றது மறுபக்கம். முடிவெட்டும் கடையில் பாதி வெட்டிய தலையோடு ஒருவர் எழுந்து போனதாகக்கூடக் கேள்வி. இரண்டு பக்கத்துக்கும் ஹலோவின் செட்தான். காலையில் "வாங்காதே" என்று கத்திய அதே மைக் சாயங்காலம் "வாங்கு" என்று கத்தியது. மைக்குக்கு ரோஷம் கிடையாது, எனக்கும் கிடையாது என்று ஹலோ சொல்லித் திரிந்தார்.

பிறகு அரசாங்கமே மக்கள் கருத்துக் கேட்க நகர மண்டபத்தில் விசாரணை வைத்தது. குழாய் போகும் எல்லா ஊர்களிலும் நடக்கும். எல்லாவற்றுக்கும் ஹலோவின் செட் என்று முடிவாயிற்று. அப்படி ஒரு வேலை அவருக்கு ஆயுசில் வந்ததில்லை. அதிகாரி கூப்பிட்டுச் சொன்னார்: மேஜையில் சிவப்பு விளக்கு எரிந்தால் குரலை இறக்கிவிட வேண்டும், யாராக இருந்தாலும் ஒரே அளவு. ஹலோ சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"உங்க அக்காவும் பேசப் போறாங்களாம்," என்றாள் மனைவி. "வேண்டாம்ங்கிறவங்களோட பஸ்ஸுல வர்றாங்க."

அதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுற்றி வைத்த கம்பிகளைப் பிரித்தார், மறுபடி சுற்றினார். நன்றாக இருந்த ஒரு ஸ்பீக்கரைக் கழற்றிப்போட்டு மாட்டத் தெரியாமல் விழித்தார். வேலையை வேறு ஆளுக்குத் தள்ளிவிடலாம் என்று தோன்றும்; அடுத்த நிமிஷம், அந்த ஆள் அக்காவின் மைக்கைப் பட்டென்று அணைத்தால் என்ன செய்வது என்று அந்த யோசனையைக் கைவிடுவார். சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வருவார். விளக்கு எரிவதற்குள் அக்கா விஷயத்துக்கு வரமாட்டாள். அது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு முறை அவளை ஊமையாக்கிய கை இன்னொரு முறையும் அதையே செய்தால், செத்தாலும் முகத்தில் விழிக்கமாட்டாள்.

விசாரணை அன்று மண்டபம் பிதுங்கியது. கல்லூரி வாத்தியார் ஒருவர் வாங்கக் கூடாது என்றார், லாரி சங்கத் தலைவர் வாங்கியே தீர வேண்டும் என்றார். சிவப்பு எரிந்ததும் ஹலோ இருவரையும் ஒரேமாதிரி இறக்கினார், இருவரும் செருமிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதிகாரி ஹலோவைப் பார்த்து மெச்சிக்கொண்டார். அப்புறம் அக்கா வந்தாள்.

அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை. ஓரத்தில் குமிழ்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தம்பியை ஒரு முறை பார்த்தாள். பிறகு மைக்கை விரலால் தட்டினாள். டொக், டொக். சத்தம் வந்தது. அப்பா அந்த நிலத்தை வாங்கிய கதையிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியம் பேசுவாள், நிறுத்துவாள், உயிர் இருக்கிறதா என்று மைக்கைத் தட்டிப்பார்ப்பாள். கூட்டம் சிரித்தது. ஹலோவின் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் ஒவ்வொரு தட்டும் நேராக நெஞ்சில் விழுந்தது. அவமானத்தில் அவருக்குக் கண் கரித்தது.

அக்கா கிணறு தோண்டிய வருஷத்துக்கு வந்தபோது சிவப்பு எரிந்தது. ஹலோவின் விரல் குமிழைத் தொட்டது. அதிகாரி திரும்பிப் பார்த்தார். அக்கா மறுபடி தட்டினாள், டொக், டொக். ஹலோ கையை எடுத்து இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். அதிகாரி முறைத்தார். ஹலோ காலடியில் கிடந்த கம்பியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி தன் மைக்கிலேயே நேரம் முடிந்துவிட்டது என்றார்.

"உங்க நேரந்தான் முடிஞ்சுது சார். எம் பேச்சு முடியல," என்றாள் அக்கா. "வாங்காதேன்னு சொல்லச் சொல்லித்தான் என்னைக் கூட்டிட்டு வந்தாங்க. அவங்க சொல்றது நியாயந்தான். ஆனா கம்பெனிக்காரன் வாசல் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல. உங்க வாசல் தெரியும். அதனால நீங்களே வாங்குங்க."

எதிர்ப்பக்கம் கைதட்ட ஆரம்பித்தது. அவள் நிறுத்தவில்லை.

"குழாய மட்டும் வாங்க முடியாது. எந் நெலத்துல நிக்கிற தண்ணியையும் சேத்துத்தான் வாங்கணும்."

கைதட்டல் பாதியில் நின்றது. அக்கா தம்பி பக்கம் திரும்பினாள்.

"நான் பேசி முடிச்சிட்டேன். இப்ப மைக்க அணைச்சிடு தம்பி."

மண்டபம் மொத்தமும் ஹலோவைப் பார்த்தது. அவருக்குக் கை எழவில்லை. அவள் காத்திருந்தாள். ஒருவழியாக அவர் குமிழைத் திருகினார். அக்கா கடைசியாக ஒரு தட்டு தட்டினாள், சத்தம் வரவில்லை. தலையாட்டிவிட்டு இறங்கினாள்.

மற்ற ஊர்களுக்கு அவர் வரவேண்டாம் என்று அதிகாரி மரியாதையாகவே சொன்னார். ஹலோ கம்பிகளை முழங்கையில் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து நின்றாள். அவள் வந்த பஸ்ஸுக்குத் திரும்பப் போனால், யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். அவள் வீடு வரும்வரை, மேடுபள்ளம் பார்த்து ஓட்டத் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டே வந்தாள். பழைய விஷயத்தை அவளும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. அவர் வீட்டுப் படியை அவள் ஏறவும் இல்லை.

அரசாங்கம் குழாயை வாங்கிவிட்டது. பம்ப் நிலையத்தில் நான்காவது பெயர்ப்பலகை ஏறியது. மழைக்காலம் வந்தது, தண்ணீரும் வந்து நின்றது. ஒரு சாயங்காலம் போன் அடித்தது. ஹலோ வழக்கம்போல "ஹலோ, ஹலோ" என்றார்.

"நாந்தான்டா," என்றாள் அக்கா. "அந்த அதிகாரி ஆபீஸ் வாசல்ல போய் உக்காரப் போறேன். உன் பெட்டி, கம்பி எல்லாத்தையும் எடுத்துட்டு வா."

ஹலோவுக்குத் தொண்டை நிஜமாகவே அடைத்தது. அந்தத் தடுமாற்றத்தில் தொழில் பேச்சுதான் வாயில் வந்தது.

"எவ்வளவு நேரத்துக்குக்கா?"

"தண்ணி வடியிற வரைக்கும்."