ஏழிலிருந்து ஒன்று

என் அத்தை லண்டனுக்கு நர்ஸ் வேலைக்குப் போனபோது நான் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. இருக்கிற ஒரே தங்கையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று ஆரம்பித்த பேச்சு சண்டையில் முடிந்தது. அத்தை வேலைக்குக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை. ஒரே வீட்டில் இரண்டு மாதம். ரசம் வேண்டும் என்பதைக்கூட இருவரும் என் வழியாகத்தான் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பதவி பிடித்திருந்தது.

டிக்கெட்டை முதலில் படித்தவளும் நான்தான். சென்னையில் காலை ஏழு மணிக்குக் கிளம்பி, லண்டனில் பகல் ஒரு மணிக்கு இறங்குகிறது. "ஆறே மணி நேரம்தாம்பா!" என்று வீடெங்கும் அறிவித்தேன். அப்பா தறியிலிருந்து தலை நிமிரவில்லை.

அம்மாவும் அத்தையும் முந்தின நாளே சென்னைக்குப் போய்விட்டார்கள். அப்பா வாசல்வரைகூட வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். சரியாக ஒரு மணிக்குத் தறிச் சத்தம் நின்றது.

"ஏம்மா, அத்தை போன் பண்ணுச்சா?"

இல்லை என்றேன். இரண்டு மணிக்கு அவரே அத்தையின் எண்ணை அழைத்துப் பார்த்தார். போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது. தட்டில் போட்ட சோற்றை அவர் தொடவில்லை. மூன்று மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, என்னை வண்டியில் ஏற்றி, டிக்கெட் எடுத்துக் கொடுத்த கடைக்கு ஓட்டினார்.

"நீதானம்மா ஆறு மணி நேரம்னு சொன்ன?" என்று வழியில் இரண்டு முறை கேட்டார். குரலில் கோபம் இல்லை.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "அண்ணா, இறங்குற டைம் அந்த ஊர்க் கணக்குல போட்டிருப்பாங்க. அங்க ஒரு மணின்னா நமக்கு ஆறரை. மொத்தம் பதினொன்றரை மணி நேரம். தோ பாருங்க, இன்னும் பறந்துக்கினுதான் இருக்குது."

கம்ப்யூட்டரில் கருங்கடலுக்கு மேல் ஒரு மஞ்சள் விமானம் எறும்பளவில் நகர்ந்தது. அப்பா குனிந்து பார்த்தார்.

"இதுலதான் நம்ம பொண்ணு இருக்குதா?"

கிளம்ப மனமில்லாமல் அரைமணி நேரம் அங்கேயே நின்றார்.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. நான் ஓடுவதற்குள் அப்பா எடுத்துவிட்டார். "சாப்டியாமா? ரொம்பக் குளிருதா? ஸ்வெட்டர் போட்டுக்கினியா?"

அந்தப் பக்கம் வெகுநேரம் அழுகை மட்டும் கேட்டது. அப்பாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை என்னிடம் நீட்டினார். என்னால்தான் இவ்வளவும் என்று எனக்குத் தோன்றியது.

"சாரி அத்தை, கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன். அப்பா மத்தியானத்துலேர்ந்து சாப்பிடாம அலையுறாரு."

அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். "நீ போட்டதுதாண்டி கரெக்டு" என்றாள்.

இந்தக் கணக்குகூடத் தெரியாதவளை லண்டனில் எப்படி வேலைக்கு வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று எனக்குக் கவலையாகிவிட்டது.