க்ளியரா சார்?

பூத் ஏஜெண்ட் வேலை என்றால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிற வேலை என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் முதல் பாதி மட்டும்தான் வரும். விடிவதற்கு முன்னால் பள்ளிக்கூட வாசலில் போய் நின்று, சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்து, சாயங்காலம் வரைக்கும் வருகிறவர் முகத்தையும் விரலையும் பார்த்துக்கொண்டே இருந்த அனுபவம் உங்களுக்கும் உண்டா? அப்படியானால் வாருங்கள், இடுப்புக்குத் தைலம் தடவிக்கொண்டே பேசலாம். அனுபவம் இல்லாதவர்களும் எழுந்து போய்விட வேண்டாம். உங்கள் ஓட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் யூனிட்டில் எனக்கு வேலை. கரண்டுப் பெட்டியில் மாட்டுகிற ஃபியூஸ் கட்டை செய்கிறோம். தேர்தல் வந்தால் அந்த வேலைக்கு லீவு சொல்லிவிட்டு இந்த வேலைக்கு வந்துவிடுகிறேன். இதில் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

எல்லாம் க்ளியர்

போன சட்டமன்றத் தேர்தலில் நான் ஏஜெண்ட் இல்லை, வெறும் ஓட்டுக்காரி. ஓட்டுப்பதிவு தொடங்குவதற்கு முன்னால், மெஷின் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, ஏஜெண்டுகள் முன்னிலையில் மாதிரி ஓட்டுப் போடுவார்கள். அதை எண்ணிக் காட்டிவிட்டு, 'க்ளியர்' என்ற பட்டனை அமுக்கி அழித்துவிட வேண்டும். அப்புறம்தான் நிஜ ஓட்டு. அன்றைக்கு எங்கள் பூத்தில் ஒரு பெரிய கட்சிக்கு ஏஜெண்டாக இருந்தவர் ஜெயபால். எங்கள் தெருமுனையில் டீக்கடை வைத்திருப்பவர். அவர் அதிகாரியைப் பார்த்து, "க்ளியரா சார்?" என்று கேட்டிருக்கிறார். அதிகாரியும், "எல்லாம் க்ளியர்" என்றிருக்கிறார். ஜெயபால் கேட்டது பட்டனை. அதிகாரி சொன்னது, பிரச்சினை ஒன்றுமில்லை என்ற அர்த்தத்தில். நம் பக்கத்தில் கல்யாணப் பேச்சிலிருந்து பத்திரப் பதிவு வரைக்கும் எல்லாமே க்ளியர்தானே!

மாதிரி ஓட்டு அழியாமல் உள்ளே உட்கார்ந்திருக்க, அதன் மேலேயே எங்கள் தெரு நாள் முழுக்க ஓட்டுப் போட்டது. மசக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டே ஒருத்தி அந்த வெயிலில் வரிசையில் நின்றாள். எண்ணிக்கை நாளில் கணக்கு இடித்தது. மெஷினைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். ஜெயித்தவருக்கும் அடுத்தவருக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்ததால் அதை எண்ணவேண்டிய தேவையே வரவில்லை. தேர்தல் விதியே அப்படித்தான். யாரும் எதையும் திருடவில்லை. ஆனால் எங்கள் தெரு யாருக்குப் போட்டது என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. வீடு வீடாக வந்து கும்பிட்டு வாங்கிப்போன ஓட்டு, எண்ணவே லாயக்கில்லாமல் போய்விட்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஜெயபால் கடைக்கே போய்ச் சத்தம் போட்டேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்தாமலே சொன்னார்:

"நான் க்ளியரான்னு கேட்டேன், அவரு க்ளியர்னாரு. இதுக்கு மேல நான் என்னாக்கா பண்றது?"

நீங்க யாரு ஆளு?

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அடுத்த தேர்தலில் அந்தப் பட்டனை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று. ஆனால் ஆசைப்பட்டவர்களெல்லாம் பூத்துக்குள் உட்கார முடியாது. வேட்பாளர் ஒருவர் நம்மை ஏஜெண்டாகப் போட வேண்டும். நல்லவேளையாக எங்கள் தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கிற கோபால் அண்ணன் இந்தத் தடவை சுயேச்சையாக நின்றார். இஸ்திரிப்பெட்டிச் சின்னம். அவர் ஜெயிக்கப் போவதில்லை என்பது அவர் கடையில் பஞ்சர் ஒட்ட வருகிறவர்களுக்கும் தெரியும். "உக்காரும்மா, ஆனா சண்டை கிண்டை போட்டுறாத" என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார்.

சுயேச்சையின் ஏஜெண்டுக்குக் கடைசி இடம். பெரிய கட்சிகள் முன்னால், நாங்கள் பின்னால் என்று விதியிலேயே இருக்கிறது. அந்த இடத்தில் உட்கார்ந்தபோது எனக்குத் தெரிந்தது ஒரு பீரோவின் முதுகு. பெஞ்சை இழுத்து நகர்த்தினேன். அந்தச் சத்தத்துக்கே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயபால் இந்தத் தடவையும் வந்திருந்தார். "நீங்க உண்மையில யாரு ஆளுக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. சுயேச்சை பெயரில் உட்கார்ந்துகொண்டு வேறொரு கட்சிக்கு வேலை பார்க்கிறவர்கள் உண்டு. "கோபால் அண்ணன் ஆளு" என்றேன். "அது சரி, உண்மையில?" என்றார் மறுபடியும். "வரிசையில நிக்கிறாங்களே, அவங்க ஆளு" என்றேன். ஜெயபால் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அப்ப மத்தியானம் உங்களுக்குச் சோறு யாரு தருவாங்க?"

பட்டன் வேண்டும், பதில் வேண்டாம்

பூத்தின் தலைமை அலுவலராக வந்தவர் திட்டக்குடிப் பக்கத்து வாத்தியார். நல்ல மனிதர்தான். முந்தின நாள் சாமான்களை வாங்கிக்கொண்டு வந்து, கொசுக்கடியில் தூங்காமல் கண் சிவந்திருந்தார். மாதிரி ஓட்டு முடிந்தது, எண்ணிக் காட்டினார், பக்கத்துப் பெட்டியில் அச்சாகி விழுந்த சீட்டுகளையும் ஒப்பிட்டோம். மெஷினைத் தன் பக்கம் திருப்பி என்னவோ அமுக்கினார். பிறகு நிமிர்ந்து, "க்ளியர்" என்றார். எனக்குப் பழைய எரிச்சல் மொத்தமும் திரும்பி வந்துவிட்டது. "க்ளியருங்கற பதில் வேணாம் சார். டோட்டல் பட்டனை அமுக்கி முட்டை காட்டுங்க" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்தது. "அதான் சொல்றன் இல்ல? என்னா, என்னைய சந்தேகப்படுறீங்களா?" என்றார். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை என்று நினைக்கிறேன். நான் பார்க்கிற வேலையைச் சொன்னேன். சூளையிலிருந்து வருகிற ஒவ்வொரு ஃபியூஸ் கட்டையையும் தட்டிப் பார்த்துத்தான் பெட்டியில் போடுவோம். சத்தம் கணீரென்று இருந்தால் நல்லது, பொத்தென்று இருந்தால் உள்ளே விரிசல். பெரும்பாலும் கணீரென்றுதான் கேட்கும். அதற்காகத் தட்டாமல் அனுப்பினால் முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். சூளை போட்டவர் யாரும் என்னை ஏன் சந்தேகப்படுகிறாய் என்று கேட்டதில்லை. "தட்டிப் பாக்கறது சந்தேகம் இல்ல சார், வேலை" என்றேன்.

வாத்தியார் மெஷினை எங்கள் பக்கம் திருப்பி டோட்டலை அமுக்கினார். முட்டை. அவர் சரியாகத்தான் அழித்திருந்தார். ஜெயபால், "பாத்தீங்களாக்கா, சும்மா போட்டு சத்தாய்ச்சீங்களே" என்றார். எனக்கு ஒரு துளி வெட்கமும் வரவில்லை. முட்டையைப் பார்க்கத்தானே கேட்டேன், பாம்பையா கேட்டேன்? பச்சைத் தாள் சீலில் நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். என் கையெழுத்து கோணலாக இருக்கும், இடத்தை அடைத்துக்கொள்ளும், அப்படியே போட்டேன். மெஷினை மூடிக்கொண்டே வாத்தியார் சொன்னார்:

"காட்டச் சொன்னப்ப கோவமா வந்துச்சும்மா. காட்டுனப்புறம் எனக்கே நிம்மதியா இருக்குது."

பாயின் விரல்

ஏஜெண்டுகளுக்குப் பெரிய எதிரி யார் என்றால், பூட்டிக் கிடக்கிற பள்ளிக்கூடக் கழிப்பறை. என்னைப் போன்ற பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வருவதற்குள் ஓர் ஓட்டுப் போய்விட்டது. இப்ராஹிம் பாய் மங்கலம்பேட்டையிலிருந்து வந்து எங்கள் தெருவில் வீடு கட்டிக் குடியேறியவர். வளைகுடாவில் வேலை. இந்தத் தடவை லீவைத் தேர்தலுக்கென்றே தள்ளி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மத்தியானம் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றவரிடம், "உங்க ஓட்டு விழுந்துடுச்சே" என்றார்கள். மனிதர் சுத்தமான விரலை நீட்டிக் காட்டினார். ஆள் ஊரில் இல்லை என்று யாரோ எண்ணி, அவர் பெயரில் குத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அட, விடுங்க பாய். ஒரு ஓட்டுதானே, வூட்டுக்குப் போங்க" என்று ஆளுக்கு ஆள் சமாதானம் சொன்னார்கள். அவர் படி இறங்கவே தொடங்கிவிட்டார். நான் எழுந்து வழியில் நின்றுகொண்டேன். இப்படி ஆனால், ஆள் நிஜம் என்று தெரிந்தபின் தனியாக ஒரு வாக்குச்சீட்டு கொடுக்க வேண்டும். அதில் முத்திரை குத்தித் தரலாம். அதை உறையில் போட்டு வைப்பார்கள். கோர்ட்டு கேட்டால் ஒழிய எண்ண மாட்டார்கள். வாத்தியாருக்கும் இது தெரியும். எழுத்து வேலை அதிகம் என்று கொஞ்சம் தயங்கினார், அப்புறம் தயங்கியதற்கு வெட்கப்பட்டதைப் போல வேகமாக எடுத்துக் கொடுத்தார். எண்ணப்படாது என்பதையும் பாயிடம் மறைக்காமல் சொன்னார். பாய் முத்திரையைப் பார்த்துப் பார்த்து வைத்தார். வெளியே போகும்போது மை வைத்த விரலை ஊதிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"எண்ணாட்டி போவட்டும்மா. நான் வந்தேன், எவனோ ஒருத்தன் பொய் சொன்னான்னு ஒரு காயிதம் உள்ள இருக்குது. அது போதும்."

எனக்கும் ஒன்று

ஓட்டுப்பதிவு முடிந்ததும் எத்தனை ஓட்டு விழுந்தது என்று எழுதி, ஏஜெண்டுகளுக்கு நகல் தர வேண்டும். எண்ணும்போது மெஷின் காட்டுகிற எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க அது ஒன்றுதான் நமக்குப் பிடி. பெரிய கட்சிகளுக்கெல்லாம் கொடுத்தார்கள். என் முறை வந்தபோது ஃபார்ம் தீர்ந்துவிட்டது. வாத்தியார் நிஜமாகவே கையை விரித்தார். அவருடன் வந்த இன்னொரு அலுவலர்தான், "சுயேச்சைக்கெல்லாம் எதுக்கும்மா? வேணும்னா அவங்கள்ட்ட பாத்துக்குங்க" என்றார். அடுத்தவர் தட்டில் இருப்பதைப் பார்த்து எனக்குப் பசியாறுமா?

வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அலுவலர்களையும் மெஷினையும் ஏற்றிக்கொண்டு போக வந்த பஸ். நான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் போதும் என்று மட்டும் சொன்னேன். கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அப்போது எனக்காகப் பேசியது யார் என்று நினைக்கிறீர்கள்? காலையிலிருந்து என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த ஜெயபால்.

"எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார். இல்லன்னா இந்தக்கா அப்புறம் பஸ்ஸு முன்னாடி போய் உக்காந்துக்கும். அதுக்கும் நான்தான் சாட்சி சொல்லணும்."

கம்பிவலைக்கு வெளியே

எண்ணிக்கை நாளுக்கு லீவு கேட்டபோது எங்கள் யூனிட் மேனேஜர், "தோக்கப் போற ஆளுக்கு எதுக்குமா லீவு?" என்றார். "தோக்கறதையும் எண்ணணும் இல்ல சார்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு லீவு கொடுத்தார்.

எண்ணுகிற இடத்தில் மேசைக்கும் நமக்கும் நடுவில் கம்பிவலை போட்டிருக்கும். அதில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றேன். மூக்கில் கட்டம் கட்டமாகத் தடம் விழுந்ததாகப் பிறகு சொன்னார்கள். எங்கள் பூத் மெஷின் வந்தது. பச்சைச் சீலில் என் கோணல் கையெழுத்து அப்படியே இருந்தது. மேசை அலுவலர் மொத்த ஓட்டைக் காட்டிவிட்டுச் சட்டென்று அடுத்ததற்குப் போகப் பார்த்தார். "சார், இன்னொரு தடவை இந்தப் பக்கம் காட்டுங்க" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அவர் அலுத்துக்கொண்டே தூக்கிப் பிடித்தார். வாத்தியார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன தாளில் இருந்த எண்ணும் அந்த எண்ணும் ஒன்று. கண் கலங்கிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். போன தடவை மசக்கைக்காரி நின்றாளே, அந்தத் தெரு இந்தத் தடவை கணக்கில் சேர்ந்துவிட்டது.

அப்புறம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எங்கள் பூத்தில் எத்தனை என்று மெஷின் காட்டத் தொடங்கியது. கோபால் அண்ணனும் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். இஸ்திரிப்பெட்டி வந்தது. எண்ணிப் பார்க்க இரண்டு கை விரல்களே அதிகம். அண்ணன் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டார். "திருப்பிக் காட்டச் சொல்லும்மா" என்றார். திருப்பிக் காட்டினார்கள். அதேதான். "என் பொண்டாட்டி வூட்டு ஆளுங்களே இந்த பூத்துல ஒரு டஜன் பேருக்கு மேல இருக்காங்களேம்மா" என்றார் ஈனக்குரலில். அவர் கடையில் தினம் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு, 'நம்ம ஓட்டு உங்களுக்குத்தான்' என்று சொன்ன முகங்களெல்லாம் அவர் கண் முன்னால் வந்து போவது எனக்கே தெரிந்தது. பாவமாக இருந்தது, ஆனால் உண்மையைக் காட்டச் சொல்லி அடம் பிடித்துவிட்டு, பிடிக்காத உண்மை வந்ததும் மெஷின்மேல் பாய முடியுமா? அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவர் கேட்கப் போவது எனக்கு முன்பே தெரிந்துவிட்டது.

"நீயாவது எனக்குப் போட்டியாம்மா?"

எண்ணுவதை ஊரே பார்க்க வேண்டும், போடுவதை ஒருத்தரும் பார்க்கக் கூடாது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அடுத்த தேர்தலில் அவர் என்னை ஏஜெண்டாகப் போடாவிட்டால் வேறொரு சுயேச்சையைப் பிடித்தாவது அந்தப் பெஞ்சில் உட்காருவேன்.