திரும்பத் திரும்ப வந்த கோடு

சலவைக்கடையில் எல்லோரும் அவளைக் கறையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பின்னறையில் ஜன்னலை ஒட்டிப் போட்ட நீள மேசைதான் அவள் இடம். துவைப்பதும் தேய்ப்பதும் மற்றவர்கள் பாடு. துவைத்தும் போகாத கறை என்றால் அது அவளிடம் வரும். துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள், உள்பக்கம் திருப்புவாள், மோந்துகூடப் பார்ப்பாள். "இது டீ இல்ல, காப்பி. காலர்ல இருக்கிறது வேர்வை இல்ல, தலைக்குப் பூசுற சாயம்" என்பாள். கொண்டுவந்தவர் அசடு வழிய நிற்பார். கறை எப்படி வந்தது, எப்போது வந்தது என்று துருவித் துருவிக் கேட்பது அவள் வழக்கம். வேலைக்கு அது தேவை என்று அவள் சொல்லிக்கொள்வாள். தேவையில்லாவிட்டாலும் கேட்டிருப்பாள் என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் அவள் தம்பி ஒரு சட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டான். அவன் அச்சகத்தில் எந்திரம் ஓட்டுகிறவன். ஆனால் சட்டையில் மை இல்லை. நெஞ்சிலிருந்து வயிறு வரை செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது.

"துரு," என்றாள் பார்த்தவுடனே. "எதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் படுத்த?"

"காரைத்தான்க்கா. அடியில படுத்து ஒரு நட்டைக் கழட்டினேன்."

கார் என்று அவன் சொன்னது, வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் நின்ற பழைய வண்டியை. காயலான் கடையில் நின்றதை இழுத்து வந்து, விடுமுறை நாளெல்லாம் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். அதைச் சரி பண்ணி அதிலேயே மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தான். பிரித்தது என்னவோ நிறைய, பூட்டியதுதான் ஒன்றும் இல்லை. எல்லாம் துருவேறிக் கிடந்தது.

கறையக்கா எலுமிச்சைச் சாற்றையும் உப்பையும் குழைத்துச் சட்டையில் தடவி வெயிலில் போட்டாள். தம்பி டீ குடித்துவிட்டு வருவதற்குள் கறை வெளிறிப்போய், அலசியதும் காணாமல் போயிற்று.

"அட," என்றான் அவன். "சட்டையில இருக்கிற துரு இப்படிப் போகுதே, இரும்புல இருக்கிறதும் போகுமா?"

சும்மா கேட்டதுதான். கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். ஆனால் அந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் துருவைத் துணியிலிருந்து எடுத்திருக்கிறாள். அது எங்கிருந்து வந்ததோ அந்த இரும்பைப் பற்றி ஒரு தடவையாவது யோசித்தாளா? அன்று வீட்டுக்குப் போகும் வழியில் தம்பி வீட்டில் இறங்கி, பிரித்துப் போட்டதில் ஒரு போல்ட்டைப் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

போல்ட் வினிகர் ஊற்றிய கண்ணாடி டம்ளரில் மூழ்கியது. கொஞ்ச நேரத்தில் அதன் மேலெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழ்கள். மறுநாள் எடுத்துப் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்தாள். பழுப்பு சேறாகக் கழன்று, அடியில் சாம்பல் நிறத்தில் இரும்பு எட்டிப் பார்த்தது. மரையின் ஒவ்வொரு வளையமும் தெரிந்தது. கணவரை எழுப்பிக் காட்டினாள்.

"இதுக்கா எழுப்பின?" என்றார் அவர். தபால் பிரிக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர்; தூக்கத்தின் மேல் அவருக்கு அளவில்லாத மரியாதை.

"நல்லாப் பாருங்க. புதுசு மாதிரி இல்ல?"

அவர் பார்த்தார். அதற்குள் துடைத்து வைத்த போல்ட்டின் மேல் மெல்லிய மஞ்சள் படர ஆரம்பித்திருந்தது. அவளுக்கு முகம் விழுந்தது. பிறகுதான் உறைத்தது: புளிப்பை அலசி எடுக்காமல் விட்டால் துணியும்தான் மஞ்சளாகும். அடுத்த தடவை சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்து, காயவைத்து, உடனே எண்ணெய் பூசினாள். மஞ்சள் வரவில்லை.

அதன் பிறகு வீடு வீடாக இல்லை. கொல்லைப்புறத்தில் வாளி, பழைய பெயிண்ட் டப்பா, மூடி உடைந்த பாத்திரம் எல்லாவற்றிலும் ஏதாவது ஊறிக்கொண்டிருந்தது. எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் ஒன்று, புளித்தண்ணீரில் ஒன்று, உப்புப் போட்ட வினிகரில் ஒன்று. எது வேகம், எது மென்மை, எது இரும்பைக் கறுக்க வைக்கிறது என்று அவள் காலையும் மாலையும் குனிந்து குனிந்து பார்த்தாள்.

"ஊர்ல பொண்டாட்டிங்க ஊறுகாய் போடுவாங்க. என் பொண்டாட்டி போல்ட்டை ஊறப்போடுறா" என்று கணவர் போவோர் வருவோரிடம் எல்லாம் சொன்னார்.

தம்பிக்கு வாயெல்லாம் பல். கதவுக் கீல், பிரேக் டிரம், பெயர் தெரியாத தட்டுகள் என்று சாக்கில் கட்டி அனுப்பினான். அவளும் மளமளவென்று எடுத்துக் கொடுத்தாள். அங்கேதான் சறுக்கினாள்.

ஒரு சாக்கில் கார்புரேட்டரின் மூடி வந்தது. மேலே இரண்டு திருகு துருப்பிடித்திருந்தது. கழற்றச் சோம்பல்பட்டு மூடியோடு வினிகரில் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது திருகு பளிச்சென்று இருந்தது. மூடிதான் கறுத்துப் போய், அம்மை போட்ட மாதிரி குழிகுழியாக இருந்தது. அது இரும்பே இல்லை, அலுமினியம்.

தம்பி அந்தக் குழிகளை விரலால் தடவிப் பார்த்தான். "இது கிடைக்கவே கிடைக்காதுக்கா. எத்தனை கடை ஏறி இறங்கணும் தெரியுமா? ஊறப்போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"தப்புதான்டா."

"விடு. இனிமே நானே உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சுக்கிறேன்."

அவளுக்குச் சுருக்கென்று இருந்தது. பட்டுக்கும் பருத்திக்கும் ஒரே மருந்தைப் போடாதவள். புதுத் துணி வந்தால் மடிப்புக்குள் தெரியாத மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் மேலே கை வைக்காதவள். அந்த எச்சரிக்கை எல்லாம் கொல்லைப்புறத்தில் எங்கே போயிற்று? அன்று முழுக்கக் கடையில் யாரிடமும் கறையின் கதை கேட்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று முதலாளியம்மா விசாரித்தார்.

ஆனாலும் விடவில்லை. இரும்பைத் தின்னாமல் துருவை மட்டும் தின்கிற ஏதாவது இருக்காதா என்று கண்டவரையெல்லாம் கேட்டாள். துணி போட வந்த மாட்டுத்தீவனக் கடைக்காரர்தான் சொன்னார்: "எங்க கடையில மொலாசஸ் இருக்கும்மா, சர்க்கரை ஆலையில மிஞ்சுற கறுப்புப் பாகு. அது கொட்டிக் கிடந்த இடத்துல ஒரு பழைய சங்கிலி கிடந்துச்சு. ரொம்ப நாள் கழிச்சு எடுத்தா துருவே இல்ல. எப்படின்னு எனக்குத் தெரியாது."

எப்படி என்று தெரியாதாம். அவளுக்கு அது போதாதா? ஒரு டின் வாங்கிவந்து, பாகு ஒரு பங்கும் தண்ணீர் ஒன்பது பங்குமாகக் கலக்கினாள். தம்பியிடம் போய், "ஒண்ணே ஒண்ணு குடு. சுத்தமா இரும்புன்னு நீயே பார்த்துக் குடு" என்றாள்.

அவன் முறைத்தான். பிறகு மனசு கேட்காமல் கனமான ஒரு துண்டை எடுத்து வந்தான். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்புகிற வளைந்த இரும்புக் கை அது. மரப்பட்டை மாதிரி துரு தடித்திருந்தது. "இதைக் கெடுக்கவே முடியாது. சுத்தியால அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்றான்.

மொலாசஸ் அவசரப்படுகிற சாமான் இல்லை. நாள் போகப் போக வாளியின் மேல் நுரை கட்டியது, அப்புறம் பூஞ்சை பூத்தது, அப்புறம் நாற்றம் கிளம்பியது. பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"ஏம்மா, உங்க வீட்ல யாராவது சாராயம் காய்ச்சுறீங்களா?"

"இல்லக்கா, கார் ஊறுது."

அந்தம்மா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கணவர் கொல்லைப்பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். அவள் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு தினமும் ஒரு குச்சியால் தூக்கிப் பார்த்தாள். மரப்பட்டை இளகியது. பின்பு ஏடு ஏடாகக் கழன்றது. கடைசியில் ஒரு விடுமுறைக் காலையில் குழாயடியில் வைத்துப் பீய்ச்சியபோது முழு இரும்புக் கையும் வெளுத்து வெளியே வந்தது. அதைச் செய்த பட்டறையில் சம்மட்டி விழுந்த தடம்கூடத் தெரிந்தது. எங்கேயும் குழி இல்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

சோடாத் தண்ணீரில் அலசித் துடைத்து வெயிலில் வைத்தாள். எண்ணெய்க் கிண்ணத்தோடு திரும்பி வந்தபோது, வளைவுக்குப் பக்கத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு பழுப்புக் கோடு இருந்தது. சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது என்று துடைத்தாள். கோடு போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் அதே கோடு. மறுபடி துடைத்தாள். மறுபடி வந்தது. மற்ற இடமெல்லாம் வெள்ளையாக இருக்க, அங்கே மட்டும் யாரோ பென்சிலால் கீறுகிற மாதிரி.

கறையக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். துணியில் இதை அவள் பார்த்திருக்கிறாள். துவைத்த பிறகும் அதே இடத்தில் வருகிற கறை மேலே இருப்பதில்லை. உள்துணியிலோ தையலுக்குள்ளோ ஒளிந்திருந்து, காயக் காய வெளியே கசியும். அப்படியானால் இந்த இரும்புக்கு எங்கே இருக்கிறது உள்துணி?

எண்ணெய் பூசாமல் அப்படியே துணியில் சுற்றிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள்.

"ஒண்ணும் தெரியலையேக்கா," என்றான் அவன், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து. நகத்தால் கீறினான். நகம் எதிலும் மாட்டவில்லை. "ஈரம் நின்னிருக்கும். எண்ணெய் போட்டா சரியாப்போகும். நான் இதை இன்னிக்கே மாட்டணும்."

"மாட்டாதடா. அது எங்கேருந்து வருதுன்னு தெரியணும்."

"உனக்கு எல்லாம் தெரியணும்."

"ஆமாம், தெரியணும். லேத்துப் பட்டறைக்குப் போய்க் கேட்டுட்டு வந்துடலாம். ஒண்ணும் இல்லைன்னா நானே கூட நின்னு மாட்டித் தரேன்."

கார்புரேட்டர் மூடியை அவன் சொல்லிக் காட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினான்.

லேத்துப் பட்டறைக்காரர் காதில் பஞ்சு வைத்திருந்தார். அவள் கதையைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் இரும்பை வாங்கி மண்ணெண்ணெயில் முக்கிக் கொஞ்ச நேரம் விட்டார். எடுத்து நன்றாகத் துடைத்தார். பிறகு சாக்பீஸை எடுத்து அந்த இடம் முழுக்க வெள்ளையாகத் தேய்த்தார்.

"இப்ப பாருங்க," என்றார்.

மூவரும் குனிந்தார்கள். வெள்ளையின் நடுவே, மெதுவாக, ஈரமாக ஒரு கோடு எழுந்தது. வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம்வரை போயிற்று.

"உள்ள போன மண்ணெண்ணெயைச் சுண்ணாம்பு இழுக்குது. விரிசல்மா இது."

"அட, எண்ணெய்க் கறைக்கு நான் செய்யுறதும் இதேதாங்க," என்றாள் அவள், விரிசலை மறந்து. "சாக்பீஸ் பொடி போட்டு வச்சா துணிக்குள்ள இருக்கிற எண்ணெய் மேல வந்துடும்."

"அப்படியா? பட்டுத் துணியிலயுமா?"

"பட்டுக்குத்தான் ரொம்ப நல்லது."

தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்க துணி பேசுறதெல்லாம் அப்புறம் பேசுங்க. இது எவ்வளவு ஆழம்?"

"உடைச்சாத்தான் தெரியும்," என்றார் லேத்துக்காரர். "எப்படியும் இது இனி உதவாது."

இரும்பைக் கிடுக்கியில் இறுக்கி, சம்மட்டியை ஓங்கி ஒரே போடு. கெடுக்கவே முடியாது என்று தம்பி சொன்ன கை, பிஸ்கட் மாதிரி இரண்டாயிற்று. உடைந்த முகத்தை அவர் வெளிச்சத்தில் காட்டினார். முக்கால்வாசி அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது. ஓரத்தில் மட்டும் விரல்நகம் அளவுக்கு வெள்ளி மாதிரி மின்னியது.

"கறுப்பு எல்லாம் எப்பவோ விட்டுப்போனது. இந்த வெள்ளைதான் பிடிச்சுக்கிட்டு இருந்துருக்கு."

தம்பி பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். "இதை மாட்டி, என் பொண்ணைத்தானேக்கா ஓட்டச் சொல்லியிருப்பேன்," என்றான். அவள் அவன் தோளில் கை வைத்தாள். கை வைத்தபடியே உடைந்த துண்டிலிருந்து கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

"கறுப்புக்குள்ள வளைவு வளைவா கோடு இருக்கே, அது என்னங்க?"

"விரிசல் கொஞ்சம் ஓடும், நிக்கும். அப்புறம் மறுபடி ஓடும். நின்ன இடமெல்லாம் கோடு விழும்."

அந்தத் துண்டை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். கடையின் பின்னறை ஜன்னலில் அது கொஞ்ச நாள் இருந்தது. துணி கொடுக்க வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினாள்.

தம்பி வேறொரு இரும்புக் கையைக் காயலான் கடையில் தேடிப் பிடித்தான். அதுவும் துருதான். இந்த முறை அவனே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஊறி முடித்து, அலசி, காய்ந்த பிறகு இருவரும் அதற்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அடுப்பில் பால் வைத்தவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கோடு வரவில்லை. அப்படியும் சாக்பீஸ் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எண்ணெய் பூசினார்கள்.

கார்புரேட்டர் மூடியும் ஒருவழியாகக் கிடைத்து, வண்டி கிளம்பிய அன்று தெருவே வேடிக்கை பார்த்தது. மகள் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தாள், தம்பி பக்கத்தில். பின்னால் கறையக்காவும், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஏறிய கணவரும். வண்டி இருமியது, குலுங்கியது, பிறகு வழிக்கு வந்து தெருமுனை வரை ஒழுங்காகப் போயிற்று. திருப்பத்தில் சக்கரம் சொன்னபடி கேட்டது. தம்பி மூச்சு விடுவது பின்சீட்டுவரை கேட்டது. திரும்பி முடித்ததும் வண்டி பட்டென்று நின்றுவிட்டது.

"கிளட்சை விட்டுட்டேன் அத்தை," என்று மகள் சிரித்தாள்.

"அது சரி. நிக்கிறதுக்கு முன்னாடி கீழேருந்து டக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சே, அது என்னது?"

"ஒண்ணும் வரலையே," என்றார் கணவர் அவசரமாக.

கறையக்கா அதற்குள் கதவைத் திறந்துகொண்டு இறங்கியிருந்தாள். தம்பியும் மறுபக்கக் கதவைத் திறந்தான்.