பூமணியைத் தெமோதரைக்குக் கூட்டிப்போன சனிக்கிழமை

சென்ற ஏப்ரல் விடுமுறையில், பசறைக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து தெமோதரைக்குப் போய் வந்தோம். நான், என் சின்னம்மா, அவர் மகள் பூமணி. பூமணிக்கு நாலு வயது. இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது சிறு பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைமடுவத்தில்தான் அவளும் பகலெல்லாம் இருப்பாள். ஆயா கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒருநாள் லொறி வரும் பாதைக்கே இறங்கிவிட்டாள்.

"மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறமும் இப்படி அடம் புடிச்சா நீயே வச்சுக்க," என்று ஆயா சொல்லிவிட்டார். அப்படியானால் சின்னம்மா வேலையை விட வேண்டும். இல்லையேல் பிள்ளையை லயத்து வரிசை வீட்டுக் காம்பராவில் பூட்டிவிட்டுப் போக வேண்டும்.

என் பள்ளிக்கூட டீச்சர்தான் தெமோதரையில் இருக்கும் ஓர் அம்மாவைப் பற்றிச் சொன்னார். ரயில் பகுதியில் வேலை செய்பவரின் மனைவி, யாழ்ப்பாணத்தார். காது கேளாத தம் மகளுக்கு வீட்டிலேயே எல்லாம் சொல்லிக் கொடுக்கிறாராம். டீச்சர் கடிதம் எழுத, சனிக்கிழமை வரச்சொல்லிப் பதில் வந்தது.

"எம் புள்ளைக்குக் காது நல்லாக் கேக்குமே," என்றார் சின்னம்மா. எனக்கும் அதே எண்ணம்தான். விடியுமுன் ஆட்களை எழுப்ப, வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்தில் தப்படிப்பார்கள். அப்போது பூமணியும் எழுந்து உட்காருவாள். விடுமுறையில் சின்னம்மாவின் காம்பராவில் படுத்திருந்து, ஏழு நாள் கவனித்து, ஏழு நாளும் எழுந்தாள் என்று கொப்பியில் குறித்து வைத்திருந்தேன். அந்தக் கொப்பியும் எங்களோடு வந்தது.

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். பசறைக்கு இரண்டு மைல் இறக்கம். பனிக்குள் முன்னால் போன சின்னம்மாவின் தலைமுண்டு மட்டும் மிதந்து போவதுபோல் இருந்தது. ஏழு மணி பஸ்ஸில் பதுளைக்குப் பதினொரு மைல். ஆளுக்கு ஐம்பத்தைந்து சதம், பூமணிக்கு டிக்கட் கேட்கவில்லை. பாதை முழுவதும் வளைவுதான். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், வயிறு நிறையவும் சாப்பிடாதீர்கள். பாதி ரொட்டி போதும்.

பதுளையிலிருந்து ஒன்பதே முக்காலுக்கு ரயில். ஹாலிஎல தாண்டிச் சிறிது நேரத்தில் சுரங்கம் ஒன்றுக்குள் நுழைந்தோம்.

"எங்க இறங்கணும் பாப்பா?" என்று இருட்டில் பக்கத்து ஆள் கேட்டார்.

"தெமோதரைங்க."

"இப்ப ஒன் தலைக்கு மேலதான் இருக்கு அந்த ஸ்டேசன்."

கேலி என்றே நினைத்தேன். ஆனால் ரயில் வெளியே வந்து, மலையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி ஏறி, நாங்கள் நுழைந்த சுரங்கத்தின் மேலேயே போய் நின்றது. கனவில்தான் இப்படிப் புறப்பட்ட இடத்தின் தலையில் வந்து நிற்போம்.

வீடு ஐந்து நிமிட நடை. "வாங்கோ, களைச்சுப் போயிருப்பியள்," என்று அந்த அம்மா தேநீர் தந்தார். ஒன்பது வயது மகள் சாந்தி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சட்டென்று பூமணியின் முதுகுக்குப் பின்னால் பித்தளைத் தட்டம் ஒன்று விழுந்தது. அந்த அம்மாதான் போட்டார். நான் துள்ளிவிட்டேன். பூமணி ஜன்னல் வெயிலில் சுற்றும் தூசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணும்னே திரும்ப மாட்டேங்குறா. சரியான அழுத்தக்காரிங்க," என்றார் சின்னம்மா. நான் கொப்பியைத் திறந்து வாசித்தேன். அந்த அம்மா முழுவதையும் கேட்டார்.

"தப்படிக்கேக்கை நீங்கள் என்ன செய்வியள், தங்கச்சி?"

"எந்திரிச்சு அடுப்பப் பத்த வைப்பேங்க."

"பிள்ளை எங்கை படுக்கிறவ?"

"என்னோடதாங்க. ஒரே பாய், ஒரே கம்பளி."

அந்த அம்மா குனிந்து தட்டத்தை எடுத்து வைத்தார். சின்னம்மா மெதுவாக, "கம்பளிய நான் இழுக்கவும் முழிச்சுக்கிறா," என்றார். பிறகு, "அடம்னு நெனச்சு அடிச்சிருக்கேங்க," என்றார்.

"நானும் அடிச்சனான்," என்றார் அந்த அம்மா.

ஏழு நாளும் நான் பிள்ளையைப் பார்த்தேன்; கம்பளியைப் பார்க்கவில்லை.

பிறகு பாடம் நடந்தது, நடத்தியவள் சாந்தி. பூமணியின் முன்னால் குந்தி, தோளைத் தொட்டு, கண் தன்மேல் வரும்வரை காத்திருந்தாள். கட்டைவிரலை வாயருகே சாய்த்துக் காட்டிவிட்டு ஒரு வாய் பால் கொடுத்தாள். மறுபடியும் அதே. பதினோராவது தடவை பூமணியின் கட்டைவிரல் தானாகவே வாய்க்குப் போனது. சின்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று மணி ரயிலில் திரும்பினோம். ஹாலிஎலவில் மழை பிடித்துக்கொண்டது. நான் இரண்டு காதிலும் விரலை அழுத்திக்கொண்டேன். அப்போதும் இடி உள்ளே வந்தது. பெட்டியில் எல்லாரும் இடிக்கு ஒடுங்கினார்கள். பூமணி கண்ணாடியில் மூக்கை வைத்து அடுத்த மின்னலுக்காகக் காத்திருந்தாள்.

இப்படி ஒரு பிள்ளையோடு புறப்படுகிறவர்களுக்கு: குடை கொண்டுபோங்கள், ஏப்ரலில் பின்னேரம் மழை நிச்சயம். பிள்ளையை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். பதுளை ஆஸ்பத்திரியிலும் காதைக் காட்டச் சொன்னார் அந்த அம்மா. அதற்கு இன்னொரு நாள் வேண்டும். வீட்டில், முதலில் தொட்டு, முகத்தைப் பார்க்க வைத்து, பிறகு காட்டுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். சைகையோடு வாயாலும் சொல்லுங்கள். இன்று ஒரு சைகை, நாளை வேறு என்று மாற்றாதீர்கள். முக்கியமாக, "பள்ளிக்கூட வயது வரட்டும் எண்டு இருக்காதையுங்கோ. நான் இருந்து பிழை விட்டனான்," என்று அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை சின்னம்மா ஆயாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"முப்பது புள்ளைங்க இருக்கு. ஒவ்வொண்ணு முன்னாலயும் போய் குந்தவா?" என்றார் ஆயா. ஆனாலும் பத்து மணிப் பாலுக்குப் பூமணியின் தோளைத் தொட்டு, அரை மனதோடு கட்டைவிரலைச் சாய்த்தார். பூமணி கோப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆயா அவளையே பார்த்தார். பால் ஊற்றிய பிறகும் இன்னொரு முறை சைகை காட்டிப் பார்த்தார்.

மாசக் கடைசி வந்து போனது. ஆயா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முந்தின நாள் பால் நேரத்தில் நான் பிள்ளைமடுவத்துக்குப் போனபோது, பிள்ளைகள் எல்லாரும் வாய் திறக்காமல் கட்டைவிரலை வாயில் சாய்த்தபடி வரிசையாக நின்றார்கள்.

"வாயிருக்குல்ல, கேட்டா என்னவாம்?" என்று ஆயா திட்டினார். திட்டிக்கொண்டே ஒவ்வொரு பிள்ளையின் தோளையும் தொட்டு, அது நிமிர்ந்து பார்த்த பிறகுதான் பாலை ஊற்றினார்.