பிக்கப்புக்கு இட்ட சந்தனம்

என் அப்பாவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். துணி மடிப்பார். ஏற்கெனவே மடித்து வைத்த துணியை எடுத்து உதறி, மறுபடியும் மடிப்பார். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஓர் எலெக்ட்ரிக் கிடாரை மயிலாப்பூர் வீட்டுக்குள் கொண்டு வந்த அன்று, பீரோவில் இருந்த அத்தனை வேட்டிகளும் வெளியே வந்து மறுபடி உள்ளே போயின. அதற்குப் ‘பலகை’ என்று அவர் பெயர் வைத்ததும் அன்றுதான். அதன் பிறகு நான் வாசிக்க உட்கார்ந்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வெற்றிலைபாக்குக் கடைக்குக் கிளம்பிவிடுவார். அவருக்கு வெற்றிலை போடும் பழக்கமே கிடையாது.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பி.காம். முடித்ததும் நான் கடைக் கல்லாவில் உட்கார வேண்டும் என்பது யாரும் பேசி முடிவு செய்ததல்ல, நான் பிறந்த அன்றே முடிவானது. எனக்கோ கச்சேரி மேடை வேண்டும். கிடார் வாசித்தே பிழைக்க வேண்டும். இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரே ஒரு தடவை அவர் உட்கார்ந்து கேட்டுவிட்டால் போதும், மற்றதைக் கிடாரே சொல்லிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வயதில் அப்படியெல்லாம் நம்பத் தோன்றும்.

ஆனால் என் கிடார் அவரிடம் எதையும் சொல்லும் நிலையில் இல்லை. பிக்கப்தான் கோளாறு. தந்திகளுக்கு அடியில் பதித்திருக்கும் சின்னக் கட்டை அது. காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றிச் செய்திருப்பார்கள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கு அனுப்புவது அதுதான். என்னுடையதற்கு நிரந்தரமாகச் சளி பிடித்திருந்தது. போதாக்குறைக்கு, சாயங்கால வேளைகளில் வானொலியின் விவசாய நிகழ்ச்சி அதன் வழியாகக் கேட்கும். நெல்லுக்கு எப்போது உரம் போட வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரிந்திருக்கிறதென்றால் அந்தப் பிக்கப்தான் காரணம்.

சாந்தோமில் இருந்த என் நண்பன்தான் வழி கண்டுபிடித்தான். எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன். துறைமுகத்துப் பக்கம் யாரோ ஒரு கப்பல்காரன் போட்டுவிட்டுப் போன உடைந்த கிடாரிலிருந்து பிக்கப்பைக் கழற்றிக் காகிதத்தில் பொட்டலம் கட்டி எடுத்து வந்தான்.

“மச்சி, இன்னா வெயிட்டா கீது பாரு! ஃபாரின் சரக்குடா!”

வெயிட்டாகத்தான் இருந்தது. மேல்மூடி மட்டும் இல்லை. சுற்றியிருந்த டேப்பும் பாதி பிய்ந்து, செம்புக் கம்பி பளபளவென்று வெளியே தெரிந்தது. அது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மத்தியானமே என் அறையில் உட்கார்ந்துவிட்டோம். தந்திகளைத் தளர்த்தி, மேல்தகட்டைக் கழற்றி, பழைய பிக்கப்பின் இரண்டு ஒயர்களையும் வெட்டி எடுத்தோம். புதியது கொஞ்சம் பெரிது. தகட்டின் ஓட்டையை அரத்தால் ராவி ராவி அகலப்படுத்தியதில் இருவருக்கும் விரல் கொப்பளித்தது. சால்டரிங் ராடு அவன் கையில், ஈயக் கம்பி என் கையில். வீடு முழுக்க ஈயப் புகை நாறியது.

ஆம்ப்ளிஃபயரைப் போட்டு ஒரு தந்தியைத் தட்டினேன். அப்படி ஒரு சுத்தமான ஒலியை என் கையிலிருந்து அதுவரை நான் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுப்படியிலிருந்து வந்த அம்மா, “இது பழைய பலகைதானா?” என்று கேட்டாள். நண்பன் பழைய பிக்கப்பைக் கூலியாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். புதியதற்கு மூடி செய்வதைப் பூஜை கழிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் காலை அம்மா புத்தகங்களை அடுக்கிக்கொண்டே அப்பாவிடம் கேட்டாள். “ஏங்க, அவன் கிடாரையும் புஸ்தகத்தோட வச்சிரட்டுமா?”

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். “அது படிப்புலயா சேரும்? தொழில்லலா சேரும். கடைக்குக் கொண்டுட்டுப் போறேன்” என்றார்.

நான் அசந்துபோனேன். கடைப் பூஜையில் என்ன வைப்பது என்பதில் அவர் கறார். சோறு போடுகிற சாமானுக்குத்தான் அங்கே இடம். கத்தரிக்கோல், அளவுகோல், கணக்குப் பேனா, கல்லாப்பெட்டி. என் சைக்கிளையே ஒரு தடவை அங்கிருந்து திருப்பி அனுப்பியவர் அவர்.

சாயங்காலம் கடையில் எல்லாவற்றையும் வெள்ளை விரிப்பில் பரப்பியிருந்தார்கள். அப்பாவின் அளவுகோலுக்குப் பக்கத்தில் என் கிடார். அப்பா சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து, கிடாருக்கு முன்னால் நின்றார்.

“எலே, இதுல எது முக்கியம்?”

அதைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. மகிழ்ச்சியில் தலைகால் புரியாமல், பிக்கப்பைக் காட்டி, “இதுதாம்ப்பா. இதுலதான் உயிரே இருக்கு” என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் அவர் கையைப் பார்த்தேன். நீர்க்கக் கரைத்த சந்தனம் மூன்று விரல் நிறைய இருந்தது. மற்றதற்கெல்லாம் பொட்டு, உயிருக்குப் பூச்சு. மூடியில்லாத அந்தக் கம்பிகளின் மேல் தாராளமாகப் பூசினார். நடுவில் குங்குமம் வைத்தார். போதாதென்று பன்னீரும் தெளித்தார். ‘வேண்டாம்ப்பா’ என்று தொண்டை வரை வந்தது. ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒரு சிரத்தை. பிக்கப் போனால் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். கிளம்பும்போது, “காலைல அந்தப் பெட்டியையும் கொண்டா. தொழில் தொடங்கி வைக்கணும்லா” என்றார்.

பூஜையில் வைத்ததை விஜயதசமி காலையில் எடுத்துக் கொஞ்சமாவது வேலை செய்துவிட வேண்டும் என்பது வழக்கம். நண்பனும் நானும் ஆம்ப்ளிஃபயரை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனோம். அப்பா ஒரு முழம் துணி வெட்டினார். கணக்கப்பிள்ளை ஒரு வரி எழுதினார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்விட்சைப் போட்டுத் தந்தியைத் தட்டினேன். பெட்டியிலிருந்து வெறும் இரைச்சல்தான் வந்தது. காய்ந்த சந்தனத்துக்கு அடியில் செம்பில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. எங்கேயோ கம்பி விட்டுப்போயிருக்க வேண்டும்.

“இன்னா மச்சி, சவுண்டே காணோம்?” என்று குனிந்து பார்த்த நண்பன், சந்தனத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். வாயைத் திறக்கப் போனவனின் காலை மிதித்தேன்.

“நல்ல நேரம் போயிட்டிருக்கு” என்றார் கணக்கப்பிள்ளை.

ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்று நான் ஏங்கிய மனிதர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், என் கையில் ஊமைப் பலகை. பெட்டியை அணைத்தேன். “சும்மாவே வாசிக்கிறேம்ப்பா. சத்தம் ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும்” என்றேன்.

அப்பா எழுந்து போய் மின்விசிறிகளை நிறுத்தினார். ஷட்டரைப் பாதிக்கு இறக்கச் சொன்னார். பிறகு, சேலை பார்க்க வருகிறவர்கள் உட்காரும் மெத்தையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குனிந்து, கிடாரின் மேல் காதை வைத்துக்கொண்டார். அவர் நெற்றித் திருநீறு என் முழங்கையில் ஒட்டியது. எனக்குத் தெரிந்ததிலேயே மெதுவான மெட்டை வாசித்தேன். கொசு ரீங்காரம் அளவுக்குத்தான் கேட்டிருக்கும். மற்றவர்களுக்கு அதுகூடக் கேட்டிருக்காது. முடிகிற வரைக்கும் அவர் அசையவில்லை.

முடித்ததும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். ஷட்டரை அவரே ஏற்றினார். கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

“நம்ம ஊர்ப் பக்கம் நல்ல பையனா ஒருத்தன் இருந்தாச் சொல்லும். கல்லாவுக்கு ஆள் பாக்கணும்.”